காவற்காடு

கோட்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கருங்கல் மதிலும், இரும்புக் குமிழ் பதித்த வாயிற்கதவும், பீரங்கி நிற்கும் கொத்தளமும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. மும்பையில் வாழும் நமக்கு இன்னொரு வகைக் கோட்டையும் பழக்கமானதே. மின்சார ரயிலில் வந்திறங்கி நாள்தோறும் பல்லாயிரவர் அலுவலகங்களுக்கு விரைகின்ற 'ஃபோர்ட்' பகுதியில் மதில்களை 1860களிலேயே இடித்துவிட்டார்கள். கோட்டை போயிற்று; பெயர் மட்டும் நின்றது. இதற்கு நேர்மாறான ஒரு கோட்டையைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம். அங்கே நிமிர்ந்து நிற்கும் மதில் இல்லை; கதவு இல்லை; கோபுரம் இல்லை. மரத்தால் எழுப்பியவை யாவும் மட்கி மறைந்தன. ஆயினும் கோட்டை போய்விடவில்லை. அது மண்ணாய் நிற்கின்றது. அதன்மேல் ஒரு காடு நிற்கின்றது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் தலைநகரான டாண்டனில் நம் மகளும் மருமகனும் மருத்துவத் தொழில் புரிந்து வருகின்றனர். சென்ற இலையுதிர் பருவத்தில் அவர்களோடு ஒரு மாதம் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விடுமுறை நாளொன்றில், "அப்பா, பக்கத்தில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பேத்தியின் பள்ளியில் அதைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அம்மாவும் வாருங்களேன்" என்றாள் மகள். ஊருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் பிளாக்டவுன் மலைத்தொடரின் வடக்கு விளிம்பு வருகின்றது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 260 மீட்டர் உயரத்தில், வனத்துறையின் காட்டினுள் இருக்கின்றது நெரோச் கோட்டை.

காட்டின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். மெல்லிய தூறல். இருபுறமும் பீச் மரங்கள். யானைக்கால் போன்ற சாம்பல் நிற அடிமரங்கள், செம்புத் தகடுகள் போலப் பழுத்த இலைகள். சற்றுத் தூரத்தில் பாதையின் குறுக்கே நிலம் திடீரெனத் தாழ்ந்தது. பிறகு ஒரு கரையாக எழுந்தது. மீண்டும் தாழ்ந்து மீண்டும் எழுந்தது. பள்ளங்களில் முழங்காலளவு சருகு. கரைகளின் முதுகிலே மரங்கள் வரிசையாக வேரூன்றி நின்றன. இறுதியில் ஒரு பெரிய குன்று போன்ற மேடு. ஆறு வயதுப் பேரன் அதன் உச்சிக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"தாத்தா, கோட்டை எங்கே?" என்று மேலிருந்து கூவினான்.

"உன் காலுக்குக் கீழேதான் கண்ணா" என்றாள் அவன் தாய்.

குழந்தையின் முகம் வாடிவிட்டது. படத்திலே பார்த்த கோபுரத்தையும் கொடியையும் எதிர்பார்த்து வந்தவன் அவன். அவனுக்கு விளங்க வைப்பதற்காகவே நாம் அன்று அந்த மண்ணை ஊன்றிப் பார்க்க வேண்டியதாயிற்று. பார்க்கப் பார்க்க, கல்லால் கட்டிய கோட்டைகள் பல நமக்குச் சொல்லாத ஒன்றை இந்த மண் சொல்வதாகத் தோன்றிற்று.

1066ஆம் ஆண்டு, பிரான்சின் வடகரையிலிருந்து நார்மண்டிக் கோமகன் வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றான். வென்றவர்கள் சில ஆயிரவர். வெல்லப்பட்ட மக்களோ பல இலட்சம். மொழி வேறு, வழக்கம் வேறு. பகை சூழ்ந்த நாட்டில் சிறுபான்மையோர் இரவில் கண்ணயர வேண்டுமானால் விரைவில் எழுப்பக்கூடிய அரண் வேண்டும். கல்லை வெட்டிச் செதுக்கிக் கட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே அவர்கள் மண்ணை நாடினார்கள். வட்டமாக ஓர் அகழியைத் தோண்டுவது. தோண்டிய மண்ணை நடுவில் மேடாகக் குவிப்பது. மேட்டின்மேல் மரக்கோபுரம் ஒன்றை நிறுத்துவது. அடிவாரத்தில் கரையும் அகழியும் சூழ்ந்த ஒரு முற்றம் அமைத்து, அதில் குதிரைகளையும் வீரர்களையும் சமையற்கூடத்தையும் வைத்துக்கொள்வது. இதுவே முறை. மேட்டுக்கு 'மாட்' என்றும் முற்றத்துக்கு 'பெய்லி' என்றும் பெயர். இங்கிலாந்திலும் வேல்சிலுமாக இத்தகைய மேடுகள் 700க்கும் மேல் எண்ணப்பட்டுள்ளன.

இதில் ஒரு சொல் விநோதம் உண்டு. இன்று ஆங்கிலத்தில் அகழிக்கு வழங்கும் 'மோட்' என்ற சொல், மேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே பிறந்தது. மேட்டின் பெயர் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வியப்பில்லை, இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் அல்லவா? பயோ நகரத்துத் துணிச் சித்திரம் உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அத்துணியில் வில்லியமின் வெற்றிக் கதை ஊசியும் நூலும் கொண்டு தைக்கப்பட்டிருக்கின்றது. ஹேஸ்டிங்ஸ் என்னுமிடத்தில் கோட்டை எழும் காட்சியின் மேலே உள்ள இலத்தீன் வாசகம் கோட்டையைக் 'கட்ட' ஆணையிட்டதாகக் கூறவில்லை. 'தோண்ட' ஆணையிட்டதாகவே கூறுகின்றது. அக்காட்சியில் ஆட்கள் மண்வெட்டிகளுடன் மண்ணை வாரி வீசுகின்றனர். அவர்களுள் இருவர் வேலையை விட்டுவிட்டு, ஒருவர் தலையில் ஒருவர் மண்வெட்டியால் அடித்துக்கொள்கின்றனர். தைத்தவர் எக்கருத்துடன் அதைத் தைத்தாரோ, வேலை செய்த மனிதர்கள் ஒரு கணம் நம் கண்முன் உயிர் பெற்று நிற்கின்றார்கள்.

நெரோச்சின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. இந்நிலப்பகுதி வில்லியமின் தாய்வழிச் சகோதரனாகிய மார்ட்டேன் பிரபு ராபர்ட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது. சாமர்செட்டிலேயே மான்டக்யூட் என்னுமிடத்தில் அவன் எழுப்பிய வேறொரு கோட்டையை 1069ஆம் ஆண்டு சாமர்செட், டார்செட் மாவட்டத்து மக்கள் திரண்டு முற்றுகையிட்டார்கள்; வாளால் அடக்கப்பட்டார்கள். இத்தகைய ஒரு நாட்டில்தான் நெரோச் எழுந்தது. 1903ஆம் ஆண்டில் ஹெரால்டு செயின்ட் ஜார்ஜ் கிரே என்பவரும், 1960களின் தொடக்கத்தில் பிரையன் டேவிசன் என்பவரும் இங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். மலை விளிம்பில் நார்மானியர் வருமுன்னரே பெரியதோர் அடைப்பு இருந்ததென்றும், அதனுள்ளே அவர்கள் முதலில் வளையமான கரையொன்றை எழுப்பினர் என்றும், பின்னரே பெரிய மேட்டைக் குவித்தனர் என்றும் டேவிசன் முடிவு கண்டார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் மன்னனுக்கும் மட்டில்டா அரசிக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது இங்கு மீண்டும் படை தங்கியிருக்கலாம் என்பர். அதன் பிறகு கோட்டை கைவிடப்பட்டது. அரண் தேவைப்பட்டவர்கள் போய்விட்டார்கள், அரண் தங்கிவிட்டது.

சரி, தோண்டியவர் யார்? கோட்டையைத் தோண்டச் சொன்னவர் பெயர் ஏட்டில் இருக்கின்றது. தோண்டியவர் பெயர் இல்லை. ஆனால் யாராக இருக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை. தங்களை அடக்கி வைப்பதற்கான மேட்டைத் தங்கள் தலையிலேயே சுமந்து குவித்தவர்கள் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களே. தெட்போர்டு போன்ற மிகப் பெரிய மேட்டைக் குவிக்க 24,000 ஆள்-நாட்கள் வரை தேவைப்பட்டிருக்கும் என்றும், சிறிய மேடுகளுக்கு 1,000 ஆள்-நாட்கள் போதும் என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அத்தனை நாட்களும் ஏதோ ஒரு வீட்டில் ஏர் ஓடாத நாட்கள். விதை விழாத நாட்கள். நகரங்களிலோ வீடே போயிற்று. 1086ஆம் ஆண்டில் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்கேடு, லிங்கன் நகரில் கோட்டைக்காக அழிந்த வீடுகள் 166 என்று பதிவு செய்கின்றது. வில்லியம் இறந்த ஆண்டின் நிகழ்ச்சிகளை எழுதிய ஆங்கிலத் துறவியொருவர், அவன் கோட்டைகளைக் கட்டுவித்ததையும் ஏழைகளை வருத்தியதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லியிருக்கின்றார். அவர் கண்ணுக்கு அவை இரண்டும் ஒரே செயலாகவே தோன்றின போலும்.

மேட்டின் உச்சியில் ஒரு வேர்மீது அமர்ந்திருந்தபோது ஒன்பது வயதுப் பேத்தி நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, என் வகுப்பிலே எல்லோரும் எங்கள் முன்னோர் கட்டிய கோட்டை என்று எழுதுவார்கள். நான் என்ன எழுதுவது? நம்மவர்கள் யாரும் இங்கே இல்லையே?"

சிறு பெண்ணின் கேள்விதான். ஆயினும் நெஞ்சைத் தொட்டது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் அனைத்திலும் ஏதோ ஒரு மாலையில் இக்கேள்வி எழத்தான் செய்கின்றது. தாராவியில் பிறந்த நெல்லைக் குடும்பத்துப் பிள்ளையும், மாதுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்ணும், பள்ளியில் மராட்டிய வரலாற்றைப் படித்துவிட்டு வந்து இதையேதான் கேட்டிருக்கின்றார்கள்.

நாம் வரலாற்று விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. நம் இல்லாள்தான் பேத்தியை மடியருகே இழுத்துக்கொண்டு பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். வையை பெருகிக் கரை உடைந்தது; வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான்; ஆளில்லாத பிட்டு வாணிச்சி வந்தி கலங்கி நின்றாள்; கூலியாளாக இறைவனே வந்தான்; சோம்பிக் கிடந்தவன் முதுகில் மன்னன் அடித்த பிரம்படி மன்னன் உட்பட எல்லோர் முதுகிலும் பட்டது. மதுரையை ஒரே முறை பார்த்திருக்கும் அக்குழந்தை, கதை முடியும் வரை வாய் திறக்கவில்லை. பின்னர், "அப்படியானால் இங்கேயும் வந்தி மாதிரி ஒரு பாட்டி இருந்திருப்பாள், இல்லையா?" என்றாள்.

"இருந்திருப்பாள்" என்றாள் நம் இல்லாள். "அவளுக்கு ஆள் யாரும் வரவில்லை போலிருக்கிறது. அதனால்தான் அவள் கதையை எவரும் எழுதி வைக்கவில்லை."

பேத்தி தன் குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நாம் கேட்கவில்லை.

பெயரில்லாதவர்களின் உழைப்பை மண்ணிலிருந்து வாசித்தறிவது தனியொரு கலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இம்மேடுகளை யார் எழுப்பினர் என்பதே பெரிய வழக்காக இருந்தது. இவை நார்மானியர் வருமுன்பே சாக்சன் தலைவர்கள் எழுப்பியவை என்று 1884இல் வெளிவந்த நூலில் வாதிட்டவர் ஜி. டி. கிளார்க். மும்பை வாசகர்களுக்கு அவரிடம் ஓர் உறவு உண்டு. தானாவுக்கு முதல் இருப்புப்பாதை போடுவதற்கு முன்னதாக இந்நகரில் தொடக்க ஆய்வு நடத்திய பொறியாளர் அவரே. அவர் கருத்தை மறுத்தவர்களுள் தலையாயவர் எல்லா ஆர்மிடேஜ் என்னும் அம்மையார். கேம்பிரிட்ஜில் பெண்களுக்காக 1871இல் தொடங்கிய நியூனம் கல்லூரியின் முதல் மாணவியர் குழுவில் ஒருவர் அவர். மேடுகளைத் தாமே சென்று பார்த்து, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, இவை வென்று வந்த நார்மானியரின் அரண்களே என 1912இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. ராணுவத் தளபதியாயிருந்த பிட்-ரிவர்ஸ், 1878இல் ஃபோக்ஸ்டன் அருகே 'சீசரின் பாசறை' என்று ஊரார் நம்பிவந்த மண்கோட்டையை அடுக்கடுக்காக அகழ்ந்து, அது சீசருக்கு ஓராயிரம் ஆண்டு பிந்திய நார்மானியர் வேலையென்று காட்டினார். நெரோச்சை அகழ்ந்த கிரே, பிட்-ரிவர்சிடம் உதவியாளராயிருந்து தொழில் கற்றவர். அதே பிட்-ரிவர்சைத் தம் வழிகாட்டியாகப் போற்றிய மார்ட்டிமர் வீலர்தான் 1945இல் அரிக்கமேட்டு மண்ணடுக்குகளை வாசித்து, ரோமானியரோடு நாம் நடத்திய வாணிகத்தைத் துலக்கினார். சாமர்செட் காட்டின் மண்ணையும் புதுச்சேரிக் கடற்கரையின் மண்ணையும் வாசித்த கண்கள் ஒரே குருகுலத்தில் பயின்றவை.

இனி, காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பழைய நூல்களில் கோட்டையைச் சூழ மதில், மதிலைச் சூழ அகழி, அகழியைச் சூழக் காவற்காடு என்று ஒரு முறை பேசப்படுகின்றது. வள்ளுவரும் அரணின் உறுப்புகளுள் காட்டைச் சேர்த்தே எண்ணினார். அக்காடு, கோட்டை உயிரோடு இருந்தபோது பகைவரைத் தடுத்த காடு. நெரோச்சில் நாம் கண்டதோ கோட்டை இறந்த பின் வளர்ந்து அதன் உடலைக் காத்து நிற்கும் காடு. மண்கோட்டைக்கு மழை பெரும் பகையன்று. புல்லும் வேரும் மூடிவிட்டால் கரை கரையாதிருக்கும். அதன் பெரும்பகை கலப்பை. வயல்வெளியில் அகப்பட்ட மேடுகளும் கரைகளும் ஆண்டுக்கு ஆண்டு உழவில் தேய்ந்து, இன்று தரையோடு தரையாய்ப் போயின. காட்டினுள் ஒதுங்கியவையே உருக்குலையாமல் தப்பின. பயனற்ற நிலம் என்று எவரும் கைவைக்காமல் விட்டதே அவற்றுக்கு வாழ்வாயிற்று.

காட்டோடு சேர்ந்து அச்சமும் காவல் காத்தது. நெரோச்சைப் பற்றி அவ்வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகின்றது. முன்னொரு காலத்தில் கூலியாட்கள் சிலர் புதையலுக்கு ஆசைப்பட்டு மேட்டைத் தோண்டத் தொடங்கினராம். திடீரெனக் காரணம் தெரியாத நடுக்கம் பற்றவே மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினராம். ஒரு மாதத்துக்குள் விபத்தாலும் காய்ச்சலாலும் அத்தனை பேரும் மாண்டனராம். பூதம் காக்கும் புதையலை நம் ஊர்களிலும் அறிவோம். இங்கிலாந்திலும் அதற்கு ஓர் உடன்பிறப்பு இருப்பது அறிந்து மகிழ்ந்தோம். மெய்யோ பொய்யோ, அக்கதையும் பல மண்வெட்டிகளைத் தடுத்திருக்கும்.

ஆனால் காவலனாலும் கேடு வரலாம். பீச் மரத்தின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. முதிர்ந்த மரம் புயலில் சாயும்போது, வேரோடு கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு விழுகின்றது. 1987 அக்டோபரில் தென்கிழக்கு இங்கிலாந்தில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. அவற்றோடு பழஞ்சின்னங்கள் பலவும் காயமுற்றன. முயலும், பாட்ஜர் என்னும் வளைதோண்டி விலங்கும் கரைகளைக் குடைகின்றன. மனிதர் மிதிவண்டியை ஏற்றி விளையாடினால் நூற்றாண்டுகளாய் நின்ற கரையில் சில வாரங்களிலேயே வடு விழுகின்றது. ஆகவே மரத்தை முற்றிலும் வெட்டவும் கூடாது. முற்றிலும் விடவும் கூடாது. சாயக்கூடியதை முன்னறிந்து நீக்கி, புல்லை வளரவிட்டு, பாதையை ஒதுக்கி, இடையறாது கண்காணிக்க வேண்டும். பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் 1882இல் பிறந்தது. முதல் கண்காணிப்பாளராக அமர்ந்தவர் மேலே கூறிய பிட்-ரிவர்ஸ்தான். இன்று 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெரோச்சும் காக்கப்படும் சின்னமாகும். விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, இலைகளின் இடுக்கு வழியே தரையின் மேடுபள்ளங்களை அளக்கும் லைடார் முறையும் வந்துவிட்டது. அந்த அளவீடுகளை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2015 முதல் எவரும் காண இலவசமாக வெளியிட்டு வருகின்றது. காடு மறைத்து வைத்திருந்ததை, மரத்தின் ஓர் இலையும் உதிராமல் இன்று வீட்டிலிருந்தே காணலாம்.

இந்த மண்ணைச் சுமந்தவர்களின் வழித்தோன்றல் யார் என்று இன்று எவராலும் சுட்டிச் சொல்ல இயலாது. சுமக்கச் செய்தவர்களும் கடல் கடந்து வந்தவர்களே. சில தலைமுறைகளில் அவர்கள் மொழி அந்நாட்டு மொழியோடு கலந்து ஒன்றாயிற்று. எனவே, 'இது எம் முன்னோர் சொத்து' என்ற பாத்தியதை அம்மேட்டின்மேல் யாருக்கும் தனியாக இல்லை. அதைப் பார்த்து, கேட்டு, மிதித்துக் கெடுக்காமல் காப்பவர் எவரோ அவருக்கே அது உரியது. நம் பேத்திக்கும் அவ்வாறே.

இதை எழுதும்போது தாராவியின் காலா கில்லா நம் நினைவுக்கு வருகின்றது. 1737இல் கவர்னராயிருந்த ஜான் ஹார்ன் என்பாரின் பெயர் பொறித்த கல் அதன் சுவரில் உண்டு. கல்லைச் சுமந்தவர் பெயர் அங்கும் இல்லை. நம் குடும்பங்கள் பல அதன் நிழலிலேயே மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஆயினும் அதை ஒரு முறை நின்று பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? சயான் குன்றின்மேல் உள்ள கோட்டையோ மாதுங்காவிலிருந்து நடக்கும் தூரம்தான். சொந்த ஊரின் கோயிலையும் குளத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. அதில் குறை வைக்கலாகாது. ஆனால் அவர்கள் நாள்தோறும் மிதிக்கும் மண்ணும் யாரோ சுமந்த மண்தான் என்பதையும் உடன் சொல்லிக் கொடுப்போம். அவ்வாறு அறிந்து வளரும் பிள்ளைக்கு எந்த ஊரும் அயலூர் ஆகாது. அவன் இருக்கும் இடத்துப் பழம்பொருளுக்கு அவனே ஒரு காவற்காடு ஆவான்.